ஐநூறாவது கோஸ்டரும் பெர்னார்ட் புழுவும்

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் என் கணவன் வெண்டெல் ஒரே ஒரு ரோலர் கோஸ்டரில்கூட ஏறியதில்லை. நான் போன மாதம் வரைக்கும் நானூற்று எண்பத்தொன்பதில் ஏறியிருந்தேன். எங்கள் குடும்ப வாழ்க்கையை இதற்கு மேல் சுருக்கிச் சொல்ல எனக்குத் தெரியாது.

என் பெயர் லோரெட்டா. பென்சில்வேனியாவில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறேன். வருஷம் முழுக்க அறுபது பிள்ளைகளின் கூச்சலைக் காதில் வாங்கிக்கொண்டு, மணிக்கு முப்பது மைலைத் தாண்டாமல், தெருவுக்குத் தெரு நின்று நின்று போகிறவளுக்குக் கோடை விடுமுறையில் என்ன வேண்டியிருக்கும்? எண்பது அடி உயரத்திலிருந்து யாராவது என்னைப் பிடித்துத் தள்ள வேண்டும். நான் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அதற்காக டிவியில் விளம்பரம் வருகிற பெரிய பார்க்குகளுக்கெல்லாம் நான் போவதில்லை. ரெண்டு நிமிஷ ஓட்டத்துக்கு ரெண்டு மணி நேரம் வெயிலில் நிற்க நான் என்ன இளிச்சவாயா? எனக்குப் பிடித்ததெல்லாம் யாருக்கும் பெயர் தெரியாத பார்க்குகள். மலையிடுக்கில் ஒன்று, சோளக்காட்டுக்கு நடுவில் ஒன்று, ஏரிக்கரையில் ஒன்று என்று இருக்கும். உள்ளே நுழையக் காசு கேட்க மாட்டார்கள். வீட்டிலிருந்து சாண்ட்விச் கொண்டுபோய் மரத்தடி மேஜையில் வைத்துத் தின்னலாம். ஓட்டம் முடிந்து வண்டி வந்து நின்றதும், வரிசையில் ஆள் இல்லாவிட்டால், பிரேக் பிடிக்கிற ஆளே "இன்னொரு ரவுண்டு போறீங்களா?" என்று கேட்பான். சொர்க்கத்தில்கூட அப்படிக் கேட்பார்களா என்பது சந்தேகம்.

எங்களைப் போன்ற கோஸ்டர் பைத்தியங்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. சங்கத்தில் எல்லோரும் எண்ணுவார்கள். ஒரு கோஸ்டரில் நூறு தடவை ஏறினாலும் கணக்கு ஒன்றுதான். பெரியது, சின்னது, குழந்தைகளுக்கானது என்று பேதம் கிடையாது, தடத்தில் ஓடினால் கணக்கில் சேரும். நூறு, இருநூறு என்று முழு எண் வரும்போது எதில் ஏறுவது என்று மாதக்கணக்கில் யோசித்து முடிவு செய்வார்கள். அந்த எண்ணைப் பெரிய அட்டையில் எழுதி, வண்டி பாய்கிற இடத்தில் போட்டோ எடுக்கும்போது தூக்கிப் பிடிப்பார்கள். பக்கத்து சீட்டில் யார் என்பதுதான் அதில் முக்கியம். புருஷன் இருப்பான், பெண்டாட்டி இருப்பாள், மகள் இருப்பாள். என்னுடைய நூறு, இருநூறு, முந்நூறு, நானூறு எல்லாப் படத்திலும் என் பக்கத்தில் இருப்பது பெவ். அவள் என் சிநேகிதி, என் எதிரியும்கூட. அவள் கணக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு. அதை அரை மணிக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்துவாள்.

வெண்டெல் எங்கே இருப்பான் என்று கேட்கிறீர்களா? கீழே பெஞ்சில். எங்கள் கைப்பை, தொப்பி, மூக்குக்கண்ணாடி, பெவ்வின் தம்பி ஆர்ட்டியின் பல் செட்டு, எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு நோட்டில் நான் ஏறுகிற ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதி வைப்பான். ஏறச் சொன்னால் முதுகு வலி என்பான், சாப்பிட்டது செரிக்கவில்லை என்பான், யாராவது பையைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்பான். சோம்பேறித்தனம், பிடிவாதம் என்று நினைத்து நான் திட்டாத திட்டில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் நானூறாவது முடிந்து இறங்கி வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த சீட்டில் பெவ் உட்கார்ந்து அட்டையைப் பாதி மறைத்துவிட்டாள் என்பது ஒரு காரணம். நான் மூக்கைச் சிந்துவதைப் பார்த்துப் பதறிப்போன வெண்டெல், ஐநூறு வரட்டும், ஐநூறாவதுக்குக் கட்டாயம் உன்கூட ஏறுகிறேன் என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தான். நூறு ஏறுவதற்கு எனக்குப் பத்து வருஷமாகும், அதற்குள் மூட்டு தேய்ந்துவிடும் என்று அவன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். எனக்கு மூட்டாவது ஒன்றாவது. நாலே வருஷத்தில் எண்பத்தொன்பதை முடித்துவிட்டேன்.

எண் ஏற ஏற அவன் முகம் இறங்கிக்கொண்டே வந்தது. இந்த வருஷம் மீன் பிடிக்கப் போகலாமா என்றான். பழைய போர்க்களம் ஒன்று பார்க்க நன்றாக இருக்குமாம் என்றான். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் வசந்தகாலத்தில் ஒரு நாள், அவனாகவே வரைபடத்தை மேஜையில் விரித்தான். எட்டு நாள் சுற்றுப்பயணம், ஆறு சின்னப் பார்க்கு, நான் ஏறாத கோஸ்டர் மொத்தம் பதினொன்று. தங்கும் விடுதி முதல் எந்த ஊரில் எந்தக் கடையில் உருளைக்கிழங்கு வறுவலுக்கு வினிகர் ஊற்றுவார்கள் என்பது வரை எழுதி வைத்திருந்தான். கடைசி நாள் மேப்பிள் ஹாலோ என்ற பார்க்கு, அங்கே ஹார்னெட் என்ற சிவப்புக் கோஸ்டர், அதுதான் ஐநூறாவது. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இப்படி ஒரு புருஷனைப் போய் முப்பத்தொரு வருஷமாகத் திட்டினேனே என்று அன்றைக்கு ராத்திரி அவனுக்குப் பிடித்த பன்றிக்கறி வறுத்துக் கொடுத்தேன்.

அந்த ஏழு நாளும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெவ்வும் ஆர்ட்டியும் பின்னால் அவர்கள் காரில் வந்தார்கள். ஒரு பார்க்கில் மரக்கோஸ்டர், வளைவில் திரும்பும்போது ஆப்பிள் மரக்கிளை கைக்கு எட்டும். இன்னொன்றில் காலை பத்து மணிக்கு வரிசையில் நாங்கள் மூன்று பேர்தான், வண்டியை நிறுத்தாமல் பதினான்கு ரவுண்டு விட்டார்கள். இறங்கும்போது ஆர்ட்டி எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் குப்பைத்தொட்டியிடம் மன்னிப்புக் கேட்டான். நாலாம் நாள் மழை. மழையில் கோஸ்டர் ஏறினால் முகத்தில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், நான் மூன்று தடவை ஏறினேன். ஏழாம் நாள் சாயங்காலம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. வெண்டெல் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தான். கை லேசாக நடுங்கியது. சந்தோஷத்தில் நடுங்குகிறது என்று நான் நினைத்தேன், எனக்கு அவ்வளவுதான் புத்தி.

மேப்பிள் ஹாலோவுக்குக் காலை பதினோரு மணிக்கெல்லாம் போய்விட்டோம். சரிவான புல்வெளி, பெரிய பெரிய மேப்பிள் மரங்கள், பியரோகிக் கொழுக்கட்டை வேகிற வாசனை. மரங்களுக்கு மேலே ஹார்னெட் நின்றது, செக்கச்செவேல் என்று. முதல் இறக்கம் எண்பது அடி. அதற்குப் பிறகு ஒரு சுழல், தலைகீழாக அல்ல, ஆனால் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு போகிற சுழல். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. ஆர்ட்டி "500" என்று எழுதிய அட்டையைக் காரிலிருந்து எடுத்து வந்தான். பெவ் கேக் பெட்டியை நிழலில் வைத்தாள். நான் வெண்டெலின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வரிசை ஆரம்பிக்கிற கேட்டில் நின்றேன்.

அங்கே அவன் தொண்டையைச் செருமினான். நோட்டைத் திறந்தான்.

"லோரி, ஒரு விஷயம். இதுல நீ ஏற்கெனவே ஏறியாச்சு."

எனக்குப் புரியவில்லை. இந்த மாவட்டத்துப் பக்கமே நான் தலைவைத்துப் படுத்ததில்லையே. அவன் நோட்டின் முன்பக்கங்களைப் புரட்டிக் காட்டினான். அறுபத்தொன்றாவது எண்: ஷெல்பி பீச் பார்க்கு, சில்வர் ஃபாக்ஸ். எங்களுக்குக் கல்யாணமான அடுத்த கோடையில் ஏறியது. அந்தப் பார்க்கு எப்போதோ மூடிவிட்டார்கள். அந்தக் கோஸ்டரைக் கழற்றி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே நட்டு, சிவப்புப் பெயிண்ட் அடித்து, பெயரை மாற்றிவிட்டார்களாம்.

இது எங்கள் ஆட்களுக்கு விளையாட்டு இல்லை. ஊர் மாறினாலும் பெயர் மாறினாலும் தடம் அதே தடம் என்றால் அது பழைய கோஸ்டர்தான், இரண்டாம் முறை எண்ணக்கூடாது. சங்கத்தின் சட்டம் அது. பெவ்வுக்கு இதெல்லாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி. நேரே போய் ஒரு தூணைப் பிடித்து, பெயிண்ட் உரிந்த இடத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். சிவப்புக்கு அடியில் வெள்ளி நிறம்.

"அதேதான்டி," என்றாள். "கணக்குல வராது. நீ இன்னும் நானூத்தித் தொண்ணூத்தொம்பதுலதான் நிக்கிற."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வருத்தத்தில் கால்வாசிதான் நிஜம். சரி, அப்படியென்றால் இங்கே ஐநூறாவது எது என்று ஆர்ட்டி கேட்டான். வெண்டெல் கையை நீட்டினான். குழந்தைகள் ராட்டினத்துக்குப் பின்னால், பஞ்சுமிட்டாய்க் கடைக்குப் பக்கத்தில், ஒரு பச்சைப் புழு ஓடிக்கொண்டிருந்தது. சிரித்த முகம், தலையில் இரண்டு கொம்பு, மரப்பலகையில் செய்த பெரிய ஆப்பிளுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. குழந்தைகள் கோஸ்டர், உயரம் பதினோரு அடி இருக்கும். மேலே பெயர்ப்பலகையில் "பெர்னார்ட்" என்று எழுதியிருந்தது.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. வரைபடம், விடுதி, வினிகர், பதினொன்று என்ற கணக்கு. பதினொன்றில் பெர்னார்டும் ஒன்று. ஹார்னெட் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. எல்லாவற்றையும் உட்கார்ந்து யோசித்து, ஐநூறாவது எண் சரியாக ஒரு புழுவின் தலையில் போய் விழுகிற மாதிரி திட்டம் போட்டிருக்கிறான். நான் அவனுக்குப் பன்றிக்கறி வேறு வறுத்துக் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. அந்தப் பார்க்கில் பிள்ளைகள் இருந்தார்கள், அதனால் பாதியை விழுங்கினேன். மீதிப் பாதியைச் சொன்னேன். வாக்குக் கொடுத்துவிட்டு வாக்கைச் சுண்டைக்காய் ஆக்குவது ஆம்பிளைக்கு அழகா என்றேன். நாலு வருஷம் காத்திருந்தவளுக்கு இதுதானா மரியாதை என்றேன். கேக்கைக் காரில் வை, ஓஹையோ எல்லையைத் தாண்டினால் இருநூறு அடி உயரக் கோஸ்டர் ஒன்று இருக்கிறது, மூணு மணி நேரத்தில் போய்விடலாம், அதுதான் என் ஐநூறு, நீ வருகிறாய், என்றேன்.

வெண்டெல் தலையை ஆட்டினான். சரி என்றுதான் ஆட்டினான். நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைக்கப் பார்த்தான், முடியவில்லை, இரண்டு தடவை தவறியது. அவன் உதடு வெளுத்திருந்தது. அப்போதுதான் நான் அவனைச் சரியாகப் பார்த்தேன்.

"நாலு மாசமா தூக்கமில்ல லோரி," என்றான். குரல் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி இருந்தது. "மேல இழுக்கிற அந்தச் சங்கிலிச் சத்தம் கேட்டாலே எழுந்து ஓடிரலாம்னு தோணுது. உனக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, முதுகுவலின்னு சொல்லிட்டேன். ஆனா உன் பக்கத்துல உக்காரணும்னு எனக்கு ஆசை இல்லேன்னு நெனச்சிராத. என்னால எதுல ஏற முடியும்னு தேடினேன். நாடு பூரா தேடினேன். இதுதான் கெடச்சுது."

முப்பத்தொரு வருஷம். பயந்த மனுஷனைப் பெஞ்சில் உட்காரவைத்து, சோம்பேறி, கல்லுளிமங்கன் என்று நான் திட்டிய ஒவ்வொரு திட்டும் வரிசையாக வந்து என் நெஞ்சில் உட்கார்ந்தது. கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அது இருந்தது. ஆனால் அதற்கு மேலே வேறு ஒன்று ஏறிக்கொண்டது. நான் ஆர்ட்டியிடமிருந்து அட்டையைப் பிடுங்கினேன்.

"வாய்யா," என்றேன். "பெர்னார்ட் காத்துக்கிட்டிருக்கான்."

பெர்னார்டை ஓட்டுகிற பெண்மணிக்கு எங்களைப் பார்த்ததும் சிரிப்பு. பெரியவர்கள் ஏறலாமா என்று கேட்டேன். எடை தாங்கும், முழங்கால் தாங்குமா என்பதுதான் கேள்வி என்றாள். மூன்றாவது பெட்டியில் உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம் என்று சொல்வது தப்பு, எங்களை மடித்து உள்ளே வைத்தார்கள். என் முழங்கால் என் தாடையைத் தொட்டது. முன்னாலும் பின்னாலும் ஐந்து வயசு, ஆறு வயசுப் பிள்ளைகள். முன்பெட்டியில் இருந்த ரெட்டைச்சடைக்காரி திரும்பி வெண்டெலைப் பார்த்து, இவர் அழுகிறாரா என்று என்னிடம் விசாரித்தாள். இல்லை, இவர் இப்படித்தான் இருப்பார் என்றேன்.

வண்டி கிளம்பியது. பதினோரு அடி ஏறுவதற்குள் வெண்டெல் நான்கு தடவை சாமியைக் கூப்பிட்டான். உச்சியில் புழு ஒரு நொடி நின்றது. பிறகு சரிந்தது. வெண்டெல் கத்தினான் பாருங்கள், ஐயோ, நான் ஐநூறு கோஸ்டரில் கேட்ட கத்தல் எதுவும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. பஞ்சுமிட்டாய்க்காரன் கடையை விட்டு வெளியே வந்து பார்த்தான். என் கையை அவன் பிடித்த பிடியில் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது. ஆப்பிளுக்குள் நுழைந்தோம், இருட்டு, வெளியே வந்தோம், வெளிச்சம், மறுபடியும் ஏறினோம்.

அங்கேயெல்லாம் ஒரு டிக்கெட்டுக்கு மூன்று சுற்று. இரண்டாம் சுற்றில் கத்தல் கொஞ்சம் குறைந்தது. கண்ணைத் திறந்துவிட்டான் என்று நினைக்கிறேன். மூன்றாம் சுற்றில் வேறு ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமுகிறானோ என்று பயந்துபோய்த் திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தான். முழங்கால் காதோரம் இருக்க, வழுக்கைத் தலையில் வெயில் அடிக்க, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான். கல்யாணத்தன்றுகூட அவன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. முன்னால் இருந்த ரெட்டைச்சடையும் சிரித்தாள், பின்னால் இருந்ததுகளும் சிரித்தன. ஆர்ட்டி போட்டோ எடுக்கிறேன் என்று கத்தினான், அட்டையைத் தூக்க மறந்தே போனேன். நாலாவது சுற்று அந்தப் பெண்மணி சும்மா விட்டாள். அதில்தான் அட்டையைத் தூக்கினேன், அதுவும் தலைகீழாக.

இறங்கும்போது எங்களை வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பெவ் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னாள். அவளுடைய ஐநூறாவது முந்நூற்றுப் பத்து அடி உயரம் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லை. மரத்தடி மேஜையில் கேக் வெட்டினோம். வெண்டெலால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சரியும்போது வயிறு மட்டும் மேலேயே நின்றுவிடுகிறதே, அது எல்லாருக்கும் அப்படித்தானா என்று ஆர்ட்டியிடம் கேட்டான். அந்த ஆப்பிளுக்குள் போகும்போது காது அடைத்ததை என்னிடம் இரண்டு தடவை சொன்னான். சரிதான், வாக்கைக் காப்பாற்றிவிட்டான், இனி இவனை எதிலும் ஏறு என்று தொந்தரவு செய்யக்கூடாது என்று நான் எனக்குள் முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னால் அது பொய். குறை இருந்தது. ஆனால் நிறைவு அதைவிடப் பெரிதாக இருந்தது.

எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு வாங்கப் போனேன். கடையில் வரிசை. நாலு கோப்பையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது வெண்டெலைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன். பெவ் வாய் நிறையக் கேக்கோடு தாடையை மட்டும் அசைத்துக் காட்டினாள்.

ஹார்னெட்டின் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். தனியாக. இரண்டு கையாலும் தடுப்புக் கம்பியைப் பிடித்திருந்தான். மேலே சங்கிலி கடகடவென்று ஒரு வண்டியை இழுத்துக்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் தோள் இரண்டும் காதுக்கு ஏறி இறங்கியது. நான் எலுமிச்சைச் சாற்றை யார் மேஜையிலோ வைத்துவிட்டு ஓடினேன். முப்பத்தொரு வருஷம் இவன் இந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று தவம் கிடந்தவள், பக்கத்தில் போனதும் முதலில் சொன்னது என்ன தெரியுமா?

"ஏய்யா, இது கணக்குல வராதுய்யா. எதுக்கு வீணா கஷ்டப்படுற?"

வெண்டெல் என்னைத் திரும்பிப் பார்த்தான். முகம் சுண்ணாம்பு. கண் மட்டும் பளபளத்தது.

"உனக்குத்தான் வராது லோரி," என்றான். "எனக்கு இது ரெண்டாவது."

 கம்பிக்கு அடியில் குனிந்து நுழைந்து அவன் பக்கத்தில் போய் நின்றேன். எங்களுக்கு முன்னால் எட்டுப் பேர் நின்றார்கள். எட்டுப் பேரும் சீக்கிரம் ஏறித் தொலைய மாட்டார்களா என்று இருந்தது.